முழங்கால் சில்லு

3-12-68, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். வார்டுத் துணி ஒன்றும் காயவில்லை. பொன்னேரிப் பக்கத்திலிருந்து லாரியில் ஒரு பெண், முனியம்மா. நடவு ஆள். முப்பது வயதிருக்கும். வரப்பில் வழுக்கி, மதகுக் கல்லில் மோதி, முழங்கால் எலும்பு இரண்டாக. ஒரு முனகல் இல்லை!

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து என்னிடம்: "பட்டெல்லா போச்சு சிஸ்டர். எடுத்துடலாம்."

அவள் காதில் விழுந்துவிட்டது. "இன்னா நர்சம்மா, காலையே எடுக்கப் போறாரா?"

எலும்பை மட்டும் என்றேன். நம்பவில்லை. கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள்.

4-12, புதன்

மழை இல்லை. பேண்டேஜ் கேட்டு ஸ்டோருக்கு இன்டென்ட் சீட்டு அனுப்ப மறந்து திட்டு வாங்கினேன். மதியம் மருத்துவ அகராதி புரட்டல். பட்டெல்லா, லத்தீன். சின்னத் தட்டு என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ ஒருவன் முழங்காலைத் தடவி, அட தட்டு மாதிரி இருக்கிறதே என்று வைத்த பெயர். ட்ரெய்னிங்கில் எத்தனை எலும்புப் பெயர் மனப்பாடம்! ஒன்றுக்காவது அர்த்தம் கேட்டேனா?

முனியம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். "அவ்ளோதானா? நாங்க சில்லுன்றோம். பாண்டி ஆடற ஓட்டாஞ்சில்லு கணக்கா கீதுல்ல."

அங்கே தட்டு, இங்கே ஓட்டாஞ்சில்லு. யார் யாரைப் பார்த்து வைத்தார்கள்? வெகுநேரம் அதே நினைப்பு.

பிறகு அவள்: "ரெண்டாத்தான ஒடஞ்சிக்கீது? சேத்துக் கட்டுனா ஒட்டாதா? எடுத்துட்டா சேத்துல எப்டி நின்னு நடுவேன்?"

எனக்கு இது தோன்றவேயில்லை.

5-12, வியாழன்

ரவுண்ட்ஸில் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். அவர் முன்கோபி.

"அந்தத் தட்டைத் தூக்கிப் போடாதீங்க சார். கம்பி போட்டுக் கட்டுங்க."

"தட்டா? யார் சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி பிடித்தார்.

"ரெண்டும் பெரிய துண்டுதான். கட்டிப் பார்க்கலாம். ஒட்டலைன்னா திரும்ப அறுக்கணும். சம்மதமா?"

"சம்மதம் சார்." கைநாட்டு.

7-12, சனி

ஆபரேஷன். கம்பி இறுகி நின்றது. டாக்டரின் விரல்கள், பூக் கட்டுகிற வேகம். காபி ஆறிப்போயிற்று.

10-2-69, திங்கள்

மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம். நல்ல வெயில். இன்று கட்டில் ஓரம் உட்கார்ந்து காலை மடக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும், இன்னும். செங்கோணத்தைத் தாண்டியது! வார்டே கைதட்டியது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் முழங்காலுக்குக் கீழே பின்பக்கச் சதையைக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல இன்னா பேரும்மா?"

"கெண்டைக்கால் சார். கெண்டை மீனாட்டம் துள்ளுதுல்ல."

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.