வளாகத்துக்கு ஒரே புரோகிராம்

8-7-74, திங்கள்

வளாகம் முழுக்க இனி ஒரே புரோகிராம்தானாம். துறைக்குத் துறை எழுதி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்களையெல்லாம், துளையிட்ட அட்டைக் கட்டோடு வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். பழைய பேப்பர் கடைக்குப் போகுமாம். உத்தரவு போட்டவர் கம்ப்யூட்டர் மையத் தலைவர் சிதம்பரநாதன். அந்தப் பொதுப் புரோகிராமை எழுதியவரும் அவரே. மாப்பிள்ளையும் இவர், புரோகிதரும் இவர்!

வருஷக்கணக்காக நான் எழுதித் திருத்திய பாலக் கட்டுமானக் கணக்குப் புரோகிராம் எடைக்கா போக வேண்டும்? என் டாக்டர் பட்ட ஆய்வே அதன் மேல்தான் நிற்கிறது.

கூட்டத்தில் ஒருத்தனாவது வாய் திறந்தானா? புள்ளியியல் வலியுல்லா இருக்கிறாரே — பூம்பூம் மாடு தோற்றது. "தாராளமா செய்யலாம் சார்" என்று பல்லை வேறு காட்டினார். முதுகெலும்பில்லாத ஜன்மங்கள்.

9-7

வீட்டில் பொரிந்து தள்ளினேன். புஷ்பம் அரிசி களைந்துகொண்டே, "இதை எங்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? கூட்டத்துல சொல்றதுதானே?" என்றாள். உத்தியோக மரியாதை இவளுக்கு என்ன தெரியும்!

12-7, வெள்ளி

ஒப்படைத்தேன். உத்தரவு உத்தரவுதான். அட்டைகள் கலைந்தால் அடுக்குவதற்காகக் கட்டின் விளிம்பில் நான் இழுத்திருந்த சாய்ந்த பச்சைக் கோட்டை ஒரு தடவை தடவிவிட்டுக் கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்ற வலியுல்லா தன் கட்டை மேஜையில் தொப்பென்று போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். வெட்கங்கெட்ட மனுஷன்.

6-8, செவ்வாய்

பொதுப் புரோகிராமில் என் பாலத்தைப் போட்டேன். சமன்பாடுகள் அளவுக்கு மேல் என்று ஒரே ஒரு வரி அடித்துவிட்டு நின்றுவிட்டது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? டிசம்பரில் ஆய்வைக் கொடுத்தாக வேண்டும். இனி நான் யாரிடம் போய் நிற்பேன்?

7-8

சிதம்பரநாதனிடமே போய் நின்றேன். வலியுல்லாவும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பழைய கட்டுலயே ஓட்டிக்க வேண்டியதுதானே?" என்றார் தலைவர்.

"ஒப்படைச்சுட்டேனே சார்."

"சரி, இன்னொண்ணு இருக்குமே?"

"எது சார் இன்னொண்ணு?"

வலியுல்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா சார் நீங்க! நெஜக் கட்டையா குடுத்தீங்க? நாங்கல்லாம் தப்பா துளை போட்ட கார்டைப் பொறுக்கிக் கட்டிக் குடுத்தோம். சாருக்கே தெரியுமே!"

தலைவர் மறுக்கவில்லை. மேலிடத்துக்கு ஏதாவது காட்ட வேண்டியிருந்ததாம்.

இத்தனை பெரிய வளாகத்தில் உத்தரவுக்குப் பணிந்தவன் நான் ஒருத்தன். நான் மட்டும்! அட அசட்டு முண்டமே — யாருக்கடா முதுகெலும்பு இல்லை?

22-9, ஞாயிறு

பழைய அச்சுத்தாளைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து துளையிடுகிறேன். லீவு நாளில் ராயப்பேட்டையிலிருந்து சமோசாவோடு வந்து, வலியுல்லா எனக்கு வரி வரியாக வாசித்தார். நடுநடுவே நினைத்து நினைத்துச் சிரிக்கிறார். கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

18-11, திங்கள்

கூட்டம். பொதுப் புரோகிராமைத் திருத்தியிருக்கிறார்களாம். துறைகளில் மிச்சம் மீதி இருப்பதையும் ஒப்படைக்க வேண்டுமாம்.

"தாராளமா செய்யலாம் சார்" என்றேன் முதல் ஆளாக. வலியுல்லா குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பத்திடம் ஒரு காலி பிஸ்கட் டின் கேட்டேன். அட்டைக் கட்டு கொள்ளும் அளவுக்குப் பெரிதாக.