கதவு திறந்த பதினொரு நொடி

என் தங்கமே மல்லிகா,

ஏய் என்றுதான் கூப்பிட வருகிறது. நீ போய் ஒரு வருஷமாகியும் வாய் மாறவில்லை. காலையில் பள்ளிகொண்டாவில் நான் ஷூ கம்பெனி வண்டியில் ஏறுகிறேன். மாதனூரில் வண்டி நிற்கும்போது, கடைசியாக ஏறுகிற உன் காலுக்கு இடம் விட என் பையை நகர்த்துகிறேன். நகர்த்திய பிறகுதான் ஞாபகம் வருகிறது.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரார் காதிலும் விழட்டும். நீ செல்லில் படம் பிடித்துக்கொண்டே வந்தாய், அந்த மயக்கத்தில் கதவில் சாய்ந்தாய், விழுந்தாய் என்று இன்னும் சில பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய். அன்றைக்கு உன் செல் என் பையில் இருந்தது. இந்தப் பொய்யை உன் மகள் கீர்த்தனா நம்பி வளரக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த செல் உன்னிடம் வந்த கதையைச் சொல்லட்டுமா? உன் தம்பி புதுசு வாங்கிக்கொண்டு பழையதை உன் தலையில் கட்டினான். பட்டனில் பாதி எழுத்து அழிந்திருந்தது. அதில் வீடியோ எடுக்கலாம் என்று தெரிந்த அன்று கேன்டீனில் நீ சாப்பிடவே இல்லை. நம்முடைய முதல் படத்தின் கதாநாயகன் உன் கட்டைவிரல். இருபது நொடியும் அதுதான் தெரிந்தது.

இரண்டாவது படத்தில் என்னை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினாய். வெளிச்சம் எல்லாம் என் முதுகுப் பக்கம். "இன்னாடி எஸ்தரு, உன் மூஞ்சியவே காணோம்" என்றாய். மூன்றாவதை பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோமே, செல்லை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருந்ததால் ஸ்டிச்சிங் செக்‌ஷன் பெண்கள் அத்தனை பேரும் படுத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கடைக்காரர் முன்னால் மானம் போனது. ஆனாலும் நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. மெமரி கார்டு வாங்க வேலூர் போன ஞாயிற்றுக்கிழமை, லாங் பஜார் முழுவதையும் நடந்துகொண்டே எடுத்தாய். தள்ளுவண்டிக்காரர் ஒருவர், "ஓரமா நில்லும்மா, காலு மேல ஏறிடும்" என்று கத்தியது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. படம் பார்த்தால் பூகம்பம். அன்றைக்குத்தான் நீ கண்டுபிடித்தாய்: "மெஷின்ல உக்கார்ற மாதிரி முழங்கைய விலாவுல ஒட்டுடி. நடக்காத. பத்து எண்ற வரைக்கும் மூச்சு விடாத." எட்டு வருஷமாக ஷூவின் மேல்தோலைத் தைத்த கை உனக்கு. அது ஆடவில்லை.

ஜூம் போட்டால் ஆளே கட்டம் கட்டமாக உடைந்துபோவதையும் நாமேதான் தெரிந்துகொண்டோம். கிட்டத்தில் பார்க்க வேண்டுமா, நடந்து கிட்டே போ. குரல் வேண்டுமா, செல்லை வாய்ப்பக்கம் கொண்டு போ, இல்லையென்றால் ஹைவேஸ் லாரி ஹாரன்தான் விழும். இதற்கெல்லாம் ஆம்பூரில் யாராவது வகுப்பு நடத்தினார்களா என்ன?

எடுக்கிறது உன் வேலை, வெட்டி ஒட்டுகிறது என் வேலை என்று எப்போது முடிவானது என்று ஞாபகமில்லை. செல்லிலேயே அதற்கு ஒரு மெனு இருந்தது. தொடங்குகிற இடத்தில் ஒரு அழுத்து, முடிகிற இடத்தில் ஒரு அழுத்து, நடுவில் இருப்பது மட்டும் மிஞ்சும். துண்டுக்குப் பின்னால் துண்டு சேர்க்கலாம், பாட்டும் போடலாம். தீப்பெட்டி அளவுத் திரையில் ஒரு நொடி முன்பின் போனால் மறுபடி முதலிலிருந்து. கார்டில் இடம் கம்மி என்பதால் வெட்டினதும் பழசை உடனே அழித்துவிடுவேன்.

எனக்கு அது புதுசாகவே தெரியவில்லை. நான் கட்டிங் செக்‌ஷன் ஆயிற்றே. தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் வெள்ளிப் பென்சிலால் சுழித்துவிட்டு, அதைத் தாண்டித்தான் வெட்டுகிற அச்சை வைக்க வேண்டும். சுழித்ததெல்லாம் டேமேஜ். அது வேஸ்ட்டு மூட்டைக்குப் போகும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டேமேஜ் ஒரு விரல்கடை உள்ளே போய்விட்டால் என் பெயரைச் சொல்லி சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் உன் வீடியோவிலும் கை வைத்தேன்.

கீர்த்தனாவின் பிறந்தநாளுக்கு, அம்மா வேலைக்குப் போகிற கதையைப் படமாகக் காட்ட வேண்டும் என்றாய். நீ அடுப்பில் இருப்பது, மாதனூரில் நிற்பது, வண்டியில் ஏறுவது. வண்டிக்குள் நான்தான் எடுத்தேன். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் இருபத்தாறு பேர். கடைசியில் ஏறுகிற உனக்குக் கதவோரம்தான் இடம். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. நாலுவழிப் பாதைக்காக ரோட்டைத் தோண்டிப்போட்ட இடத்தில் வண்டி குதித்ததும் கயிறு நழுவிக் கதவு திறந்துகொண்டது. நீ ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் கதவை இழுத்து, "ஏய், கதவு ஓடிப்போவுது, புடிங்கடி" என்று சிரித்தாய். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கயித்த இன்னொரு சுத்து சுத்திக்கோங்கம்மா" என்றார். எல்லாம் பதினொரு நொடி.

அதை நான் வெட்டினேன்.

"எஸ்தரு, அந்தக் கதவு துண்டு எங்க?" என்று கேட்டாய்.

"வெட்டிட்டேன்."

"ஏன்டி? அதுலதான் எல்லாரும் சிரிக்கிறோம்."

"கொழந்த பாத்தா பயந்துக்கும். அது டேமேஜ்டி."

"டேமேஜாம். வண்டியே டேமேஜ்தான். போ, உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

ஒரு வாரம் கழித்துப் புதன்கிழமை மாலை, பாட்டு சேர்த்துத் தருகிறேன் என்று செல்லை நான் வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள் காலை அது என் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே இருந்தது. நீ ஏறினாய். "முடிஞ்சிதா?" என்று கேட்டாய். "சாயந்திரம் தர்றேன்" என்றேன். அதே பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. இந்த முறை கயிறு நழுவவில்லை, அறுந்தது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி ஓனர் ஆரம்பித்துவிட்டார். "செல்லுல படம் புடிச்சினு வந்தாங்க சார். எத்தன தடவ சொல்றது?" போலீஸ்காரர் தலையாட்டினார். பொழுது சாய்வதற்குள் ஆம்பூர் பஜார் வரைக்கும் அதுவே கதையாகிவிட்டது. உனக்கு செல் பைத்தியம் என்று ஊருக்கே தெரியுமே, நம்புவதற்கு என்ன கஷ்டம்? உன் மாமியார் கீர்த்தனாவை மடியில் போட்டுக்கொண்டு, "உங்கம்மாவ அந்த செல்லுதான் முழுங்கிச்சி" என்று அழுதபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில், எல்லோர் நடுவிலும் அந்த செல்லை எடுத்துப் பாயில் வைத்தேன். "இது அன்னிக்கி என் பைல இருந்துச்சி. அவ கையில சாப்பாட்டுப் பைதான் இருந்துச்சி" என்றேன். உன் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் அண்ணன்தான் பேசினார்: "தோஸ்த்துக்காகச் சொல்ற, புரியுதும்மா. போனவ போய்ட்டா. எதுக்கு இன்னும் பேஜாரு?" பேஜாராம். நீ போனது அவர்களுக்குத் துக்கம், நான் பேசுவது பேஜார்.

அந்தப் பதினொரு நொடி மட்டும் இருந்திருந்தால்? கதவு தானாகத் திறக்கிறது, டிரைவர் குரல் விழுகிறது, ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் தெரியும் என்பது விழுகிறது. பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். கடைக்காரர் கார்டைப் போட்டு அரைநாள் பார்த்தார். "அழிச்சதோட விட்டிருந்தா வந்திருக்கும்க்கா. அது மேல வேற பாட்டெல்லாம் ரொப்பிட்டீங்க. இனிமே வராது" என்றார். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன் மல்லிகா. என் கையாலேயே உன் சாட்சியை வேஸ்ட்டு மூட்டையில் போட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி திரும்பி வந்தது. அதே கதவு. என்ன மாறியிருந்தது தெரியுமா? பழைய கயிறு போய்ப் புதுக் கயிறு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. ஓகோ, அப்படியா சேதி என்று உன் செல்லை எடுத்தேன்.

நீ கண்டுபிடித்ததை எல்லாம் செய்தேன். முழங்கையை விலாவில் ஒட்டினேன். வெளிச்சத்தை, எடுக்கிற என் முதுகுக்குப் பின்னால் விட்டேன். செல்லைப் படுக்கைவாட்டில் பிடித்தேன். ஜூமைத் தொடவில்லை, கயிற்று முடிச்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் இரண்டு நாள் பெண்கள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் உன் லைனில் தைக்கிற அமுதா, "இன்னாத்துக்கு மறைக்கணும்? நாளைக்கி நான் விழுந்தா என்னியும் அப்டித்தான் சொல்லுவானுங்க" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செல்லுக்கு நேராக வந்தாள்.

"என் பேரு அமுதா. மல்லிகா பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன். அவ ஒரு கையில பை, ஒரு கையில கம்பி. செல்லு இல்ல. கயிறுதான் அறுந்துச்சி." அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் சொன்னார்கள். ஒருத்தி பேச வந்து பேச முடியாமல் அழுதாள். அதையும் விட்டேன். வண்டி குதித்து செல் எகிறி வானம் தெரிந்தது, அதையும் வெட்டாமல் விட்டேன். மாதனூரிலிருந்து அந்தப் பள்ளம் வரைக்கும் நாலு நிமிஷம், ஒரு வெட்டு கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் ப்ளூடூத் போட்டு அனுப்பினோம். ஒரு செல்லுக்குப் போகக் கால்மணி நேரம். இரண்டு செல்லையும் ஒட்டி வைத்துவிட்டு நடுவில் யாரும் எடுத்துவிடாமல் காவல் காத்துக்கொண்டே சாப்பிட்டோம். ஒரு வாரத்தில் பேக்கிங் செக்‌ஷன், பக்கத்து கம்பெனி, பிரியாணிக் கடை என்று போய், கடைசியில் வண்டி ஓனரின் மச்சான் செல்லுக்கே போய்ச் சேர்ந்தது.

கம்பெனியில் ஆள் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் கூப்பிட்டார். "யார் எடுத்தது இத?"

"நான்தான் சார்."

"அழிச்சிடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

"முடியாது சார். ஒரு தடவ அழிச்சேன். அதுவே போதும்."

"உனக்கு வேல வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். வேலைக்கு வரத்தான் அந்த வண்டில ஏறுறோம். உசுரோட எறங்க வேணாமா?"

மூன்று நாள் என்னை உள்ளே விடாமல் கேட்டிலேயே நிற்க வைத்தார்கள். நின்றேன். மூன்றாம் நாள் காலை, கதவை மாற்றினால்தான் ஏறுவோம் என்று பள்ளிகொண்டாவிலிருந்து மாதனூர் வரைக்கும் ஒரு பெண்ணும் வண்டியில் கால் வைக்கவில்லை. கட்டிங்கில் ஆளில்லை, தையலில் ஆளில்லை. நாலாம் நாள் வேறு வண்டி வந்தது. கதவை இழுத்தால் டப்பென்று தாழ்ப்பாள் விழுகிறது. அந்தச் சத்தம் உனக்குப் பிடித்திருக்கும்.

எல்லாம் ஜெயம் என்று நினைத்துவிடாதே. கேட்டில் இப்போது செல்லைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஓனர் தன் வாயால் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை, போன வாரம்கூட டீக்கடையில் அதே கதையைச் சொன்னாராம். உன் மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனால் போன ஞாயிறு கீர்த்தனா என் வீட்டுக்கு வந்தாள். நாலாவது படிக்கிறாள், உன் மூக்கு, உன் வாய்த்துடுக்கு. அந்த நாலு நிமிஷத்தையும் போட்டுக் காட்டினேன். பதினொரு நொடியை நான் வெட்டி எறிந்ததையும் சொன்னேன். மூன்று தடவை பார்த்தாள். "பெரிம்மா, அப்ப செல்லு உங்க பைல இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று அவள் டீச்சர் வழியில் என்னைப் பார்த்துச் சொன்னார். வகுப்பில் ஒரு பிள்ளை, "உங்கம்மா செல்லுல படம் புடிச்சித்தான செத்தாங்க" என்று கேட்டிருக்கிறது. இவள் அழவில்லையாம். பெஞ்சு மேல் ஏறி நின்று, வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள்: "எங்கம்மா கையில செல்லு இல்ல. வண்டி கதவுல தாப்பா இல்ல."

மல்லிகா, இது சத்தியம். அந்த வண்டி ஓனர் ஒரு தடவை பொய் சொன்னால் நான் பத்து தடவை உண்மையைச் சொல்வேன். உன் மகளிடம் உன்னைப் பற்றிப் பேசும்போது நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்ல மாட்டேன். உன் முன்கோபம், உன் பிடிவாதம், என்னோடு போட்ட சண்டை, ஒன்று விடாமல் முழுசாகச் சொல்வேன்.

உன் மகளுக்குப் பெரியம்மாவாகிவிட்ட,
எஸ்தர்