வண்டி போகும்வரை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், போனில் நீ பாதிதான் சொல்கிறாய், மீதியை நம்பித்தான் ஆகவேண்டும்.

பள்ளிக்கூடம் அதே ரயில் பாதையோரத்திலேயே புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. நான் வரலாற்று ஆசிரியை என்பதால் திறப்பு விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலையைப் புதுத் தலைமையாசிரியை என் தலையில் கட்டினார். பாதையோரத்துச் சரக்குக் கிடங்கை ரயில் தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கியது, தகரக் கூரையின் கீழே தட்டி வைத்து வகுப்பு பிரித்தது, ஊர் பெருத்ததும் காலையில் ஒரு கூட்டம் மாலையில் ஒரு கூட்டம் என்று நடத்தியது, இப்போது மூன்று மாடி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், எல்லாம் எழுதினேன். ரயில் வண்டி போகும்போது சத்தம் அடங்கும்வரை பாடத்தை நிறுத்துகிற நம் வழக்கத்தையும் எழுதினேன். அதை மட்டும் அடித்துவிட்டார். "அதெல்லாம் எதுக்கு டீச்சர், வசதியில்லாத ஸ்கூல்னு நாமளே சொல்லிக்கிற மாதிரி இருக்கு" என்றார். வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது, எனக்கென்ன புதிதா, விட்டுவிட்டேன்.

ஆனால் மலரிலிருந்து போனது என்னிடமிருந்து போகவில்லை. கண்ணாடி சத்தத்தைத்தான் தடுக்கிறது, தரை அதிர்வது காலுக்குத் தெரிகிறது, உடனே வாய் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் எனக்கு "பஃபரிங் மிஸ்" என்று பேர் வைத்திருக்கிறார்களாம், காவலாளி சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டு, "பாதியில நின்னுடுறீங்களாமே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வண்டி போச்சு என்றேன். எந்த வண்டி என்றார். பழைய கட்டடத்தில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம், ஆமாம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உன் நினைவு வந்தது. எட்டாம் வகுப்பில் என் பாடத்தில் நீ கேள்விக்குப் பதில் சொல்லும்போது வண்டி வந்தால், கையைக் கட்டியபடி அப்படியே நிற்பாய், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாய். அப்பா போன பிறகு இந்த வீட்டில் கேட்கிற பேச்சு உன் ஞாயிற்றுக்கிழமை போன் ஒன்றுதான். அதிலும் நீ நடுவில் நின்றுவிடுகிறாய். உனக்குச் சலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, சரி வைக்கிறேன் என்று நானே முந்திக்கொண்டு வைத்துவிடுகிறேன். அந்த நேரத்தில் உன் பக்கம் ஒரு சத்தமும் கேட்பதில்லை. இப்போதைய போன்கள் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்று கம்ப்யூட்டர் ஆசிரியர் நேற்றுதான் சொன்னார்.

நீ குடியிருக்கும் அறையை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ரயில் பாதை இருக்கிறதா? இருந்தால் ஒரு வரி எழுது. இல்லையென்றாலும் எழுது, என் மனம் நோகுமென்று மழுப்பாதே. எப்படியானாலும் இனி நீ நின்றால் நான் வைக்கமாட்டேன்.

எந்தக் குறையுமில்லாமல் நீ நீடூழி வாழவேண்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

காத்திருக்கும்,
உன் அம்மா