இனோகேவுக்காக ஒரு வார்த்தை

சிங்கடோகா
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

அன்பு லவேனியா,

இனோகே ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆளா, அவன் பெயரை ஹெதரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைக் கடைசி வரை படித்தாலும் இதைவிடத் தெளிவான பதில் உனக்குக் கிடைக்கப் போவதில்லை. உன் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், மழை வந்தால் மட்டும் அப்பாவின் முழங்கால் வலிக்கிறது, நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அழைப்பு வந்ததும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் நடுவில் புகுந்து உனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்கள் ஓட்டல் கணக்குப் பிரிவு லித்தியா செவ்வாய்க்கிழமை பிரிஸ்பேன் போகிறாள், அங்கே போய் இதைத் தபாலில் சேர்த்துவிடுவாள்.

உன் ஓட்டலில் இன்னும் ஓர் ஆளுக்கு விசா எடுத்துக் கொடுக்க உன் முதலாளி ஹெதர் தயார், மாதக் கடைசிக்குள் பெயர் வேண்டும் என்று நீ சொன்ன அன்றே அதை அப்பா, ஆண்கள் கூடி யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கிற இடத்தில் போய் அவிழ்த்துவிட்டார். அதன் பலன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றது. உன் மாமா அபிசாய், சலவைச் சட்டை, கையில் செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு. வேர்க்கட்டோடு வருகிறவர் சும்மா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் அண்ணனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, நான் பெரியவளானதிலிருந்து அப்படித்தான், அண்ணன் தங்கைக்குள் அது மரியாதை. பல்கலைக்கழகத்தில் இந்த வழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான், ஆனாலும் அண்ணன் குரல் கேட்டதும் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "வா மச்சான், ஆத்துல மீனெல்லாம் தீந்துபோச்சா, எங்க வீட்டுப் பானைய மோப்பம் புடிச்சு வந்துட்ட?" என்றார். "மீன் இருக்கு மச்சான், நேத்து நீ குளிக்க எறங்கினதுல தண்ணி கரைக்கு வந்துருச்சு, மீனும் கூடவே வெளிய போயிருச்சு" என்று அண்ணன் சொல்ல, இருவரும் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து ஓடியது. பிறகு அண்ணன் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேர்க்கட்டை அப்பாவுக்கு முன்னால் வைத்தார், குரல் மாறிவிட்டது. "செமி, லவேனியா என் தங்கச்சி புள்ள. சின்ன வயசுல அது என் வீட்டுல வந்து எதக் காட்டினாலும் நான் மாட்டேன்னு சொன்னதில்ல. கிறிஸ்துமஸுக்கு வளத்த பன்னியக் கேட்டுச்சு, கயித்த அவுத்துக் கையில குடுத்தேன். அது அதோட உரிமை, நான் சொல்லிக்காட்டல. இன்னிக்கு மொதத் தடவையா நான் கேக்கறேன். என் பையனுக்காக அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லு" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் குரலை மட்டும் உயர்த்தி, "உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிரு மச்சான்" என்றார். "சொல்ல வேண்டியதே இல்ல, தட்டு கழுவுற சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு" என்றார் உன் அப்பா. சொல்லிவிட்டுக் கையைத் தட்டி வேர்க்கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டால் சம்மதம் என்று பொருள், அதுவும் உன் சார்பில்.

அண்ணன் போன பிறகு எங்களுக்குள் சண்டை. என் பெண்ணின் வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். "அப்ப வேரத் திருப்பிக் குடுக்கச் சொல்றியா? அதுக்கு நான் வீட்ட வித்துட்டு சுவா பட்டணத்துக்கே குடிபோயிரலாம்" என்றார். நான் வேர்க்கட்டை எடுத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இடித்துக் கரைத்துக் குடிக்காத வரைக்கும் எதுவும் முடிவாகவில்லை என்பது என் கட்சி. அப்படி ஒரு சட்டமே கிடையாது என்பது அப்பாவின் கட்சி.

இனோகேவைப் பற்றி உனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, உன் மச்சான், சின்ன வயதில் உன் தலைமுடியில் பலாப் பிசினைத் தடவியவன். ஆனால் வேலை பார்க்கும் இனோகேவை நீ பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் பயிற்சி எடுத்தவர்களில் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவனைப் போலப் பொருந்தியவர்கள் குறைவு. சிடுசிடுத்துக்கொண்டு வருகிற விருந்தாளியும் அவன் தட்டை வைக்கிற விதத்தில் இறங்கிவந்துவிடுவார். ஆனால் ரக்பி நடந்த வாரத்துக்கு அடுத்த திங்கள்கிழமை ஆளைக் காணவே முடியாது. போன வருஷம் அவனுடைய தாய்மாமன் கடாவுத் தீவில் இறந்தபோது யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிப் போய், பத்தாம் நாள் காரியம் முடிந்துதான் திரும்பினான். தாய்மாமன் காரியத்துக்குப் போகாதவனை நான் மனிதனாகவே மதிக்கமாட்டேன். ஆனால் ஒரு போன் செய்திருக்கலாம். எங்கள் ஓட்டல் அவனை வேலையிலிருந்து நிறுத்தியது, நிறுத்தியது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே வேலை போனால் ஆற்றங்கரைக்குப் போய்த் தூண்டில் போடலாம். அங்கே அப்படிக் காணாமல் போனால் முதலாளி ஒரு வரி எழுதிப் போட்டதும் விசா போய்விடும், அந்த ஆளைச் சிபாரிசு செய்தது யார் என்ற கேள்வியும் வரும். நீ நிரந்தரமாகத் தங்குவதற்கான மனுவும் அதே ஹெதரின் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறது. அவனுக்காக நீ சொல்கிற வார்த்தையில் உன்னுடைய நான்கு வருஷ உழைப்பும் சேர்ந்து போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

ஹெதர் நல்லவள் என்கிறாய், இருக்கலாம். என் மேஜைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்காருகிறார்கள் லவேனியா. ஒரு பக்கம் நான் வேலை சொல்லிக் கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற நம் பிள்ளைகள். இன்னொரு பக்கம் அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு நாங்களே விசா எடுத்து வரவழைக்கிற பிலிப்பைன்ஸ் பெண்கள். போன வாரம் அவர்களில் ரோவெனா என்ற பெண் அறை துடைத்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா திருப்பி அனுப்பிருவீங்கல்ல மேடம்" என்றாள். நாங்கள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள், ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். அன்றிலிருந்து உன்னைப் பற்றித்தான் நினைப்பு. சம்பளமும் விசாவும் படுக்கிற அறையும் ஒரே ஆளிடம் இருக்கும்போது, நீயும் இப்படித்தான் காய்ச்சலோடு அடுப்படியில் நிற்கிறாயா? இதற்கு மட்டும் உண்மையான பதில் எழுது.

நேற்று இனோகே தனியாக வந்தான், இலையில் சுற்றிய மீனோடு. அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறான். பின்வாசல் படியில் உட்கார்ந்து மீனைச் செதில் எடுத்துக்கொண்டே, "அத்தை, அப்பா வந்தது எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா அவரு செருப்ப ஒளிச்சு வச்சிருப்பேன்" என்றான். போக விருப்பமில்லையா என்று கேட்டேன். "விருப்பம்தான். லவேனியா அனுப்பின போட்டோவுல பனி புடிச்ச புல்லப் பாத்தேன், அது மேல ஒரு தடவ வெறுங்கால்ல ஓடிப் பாக்கணும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தினமும் தவறாமல் வேலைக்குப் போவாயா என்று நேராகக் கேட்டேன். செதில் எடுப்பதை நிறுத்திவிட்டு, "எனக்கே தெரியல அத்தை" என்றான். எத்தனையோ பேரை நேர்முகத்தில் உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன், எல்லாரும் கட்டாயம் வருவேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், அவர்களில் வராமல் போனவர்கள் நிறைய. இவன் பதிலை வைத்து எந்தப் பக்கம் முடிவு செய்வது என்று எனக்குப் புரியவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஆள் போதவில்லை, யாரை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் என்று தலைமைச் சமையல்காரர் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அதனால், திங்கட்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்கு வாசலில் வந்து நில், உள்ளே சேர்த்துவிடுகிறேன், உனக்காக வேறெதுவும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். சாப்பாட்டுக் கூடத்தில் சட்டை கசங்காமல் நின்றவனுக்குச் சட்டி தேய்க்கிற வேலை. முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் சரி என்றான். வருவானா என்று தெரியவில்லை. நேற்று ரக்பி இறுதி ஆட்டம் வேறு, நம் ஊர்க்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள், இந்த நிமிஷம்கூட மைதானப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்கிறது.

ஆகையால் நான் சொல்வது இதுதான். அப்பா கை தட்டியதால் நீ கட்டுப்பட்டவள் இல்லை. மாமாவின் முகத்துக்காக ஹெதரிடம் பொய் சொல்லாதே, என் பயத்துக்காக அவனைக் கெட்டவன் என்றும் சொல்லிவிடாதே. ஹெதர் கேட்டால், ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல், அது உண்மைதான். மாதக் கடைசிக்குள் நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், முடிவு நீ எடு. மாமாவுக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அந்த வேர்க்கட்டை நானே கொண்டுபோய் வைக்கிறேன், அந்தக் கஷ்டம் என்னுடையதாக இருக்கட்டும்.

போன வாரம் வீடியோவில் பேசும்போது இடது கையைக் கேமராவுக்குக் காட்டாமலே பேசினாய். எண்ணெய் தெறித்த காயம் என்று நினைக்கிறேன். டாக்டரிடம் காட்டு, ஹெதரிடமும் காட்டு. குளிருக்குப் போர்வை போதாவிட்டால் வாங்கிக்கொள், எங்களுக்கு அனுப்புவதில் குறைத்துக்கொள். உன் அறைக்கும் அடுப்புக்கும் கைகளுக்கும் கடவுள் துணை இருக்கட்டும், நல்ல தூக்கமும் உன் பேச்சைக் கேட்கிற ஒரு சிநேகிதியும் உனக்குக் கிடைக்கட்டும். கையை மறந்துவிடாதே.

உன் அம்மா
அசெனதா

திங்கட்கிழமை மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நடந்ததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். இனோகே வந்தான். மூன்று மணி வரைக்கும் சட்டி தேய்த்தான், பாடிக்கொண்டே தேய்த்ததாகத் தலைமைச் சமையல்காரர் சொன்னார், அது புகாரா பாராட்டா என்று கேட்கவில்லை. ஆனால் எப்படி வந்தான் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் கொட்டுகிற மழை. நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊழியர் வாசலில் ஒரே குடைக்குக் கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இனோகே, தூக்கம் கலையாத கண்ணோடு. பக்கத்தில் சர்ச்சுக்கு இடுப்பில் கட்டுகிற சுலு வேட்டியைக் கட்டிக்கொண்டு என் அண்ணன். நான் கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, காவலாளி மனோவாவைப் பார்த்து, "தம்பி, மேடம்கிட்ட சொல்லு, இன்னிக்கு நான் எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். நாளைக்கு அவனா வருவான்" என்றார். மனோவா என் பக்கம் திரும்பி, "மேடம், இன்னிக்கு இவரு எழுப்பிக் கூட்டிட்டு வந்தாராம். நாளைக்கு அவனா வருவானாம்" என்றான். இனோகே உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கேட்டுச்சுன்னு சொல்லு என்றேன். "கேட்டுச்சாம் ஐயா" என்றான் மனோவா. அண்ணன் தலையாட்டினார், குடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.