கன்னத்தில் கறுத்த பொட்டு

சனிக்கிழமை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா அக்காவின் ஒப்பந்தத்தை இன்று இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லத்தான் நெய்யாற்றின்கரை ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்தேன். வந்தால் மகளின் கன்னத்தில் கறுத்த பொட்டு. அக்கா தேங்காய் எண்ணெய் தொட்டு அதை அவசரமாக அழித்துக்கொண்டிருந்தார்.

பொட்டே ஆகாத சபைக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பொட்டா? அதுவும் எனக்குத் தெரியாமலா? வாய்க்கு வந்தபடி கத்தினேன். பக்கத்தில் பைபிளோடு இருந்த மாமியார் தலையே தூக்கவில்லை.

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டில் போய் மறித்தேன்.

"ஒனக்க மாமிதான் வைக்கச் சொன்னாவ, மக்கா. கண்ணு பட்டிருமாம். நீ வாறதுக்கு முன்ன அழிச்சிரணும்னும் சொன்னாவ."

"அத உள்ள வச்சே சொல்லக்கூடாதா அக்கா?"

"அவிய இருக்கும்போ நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

மன்னிப்புக் கேட்டு, கேட்டில் வைத்தே கையெழுத்து வாங்கினேன். மாமியாரோ ராத்திரி ஜெபத்தில் எனக்குப் பொறுமை தரச்சொல்லி கர்த்தரிடம் கேட்கிறார்!

நாளை ஆராதனைக்கு மகளுக்கு நானே பொட்டு வைப்பேன், பெரிதாக. கோயிலில் சபையார் முன்னால் மாமியார் மடியில்தான் உட்கார வைப்பேன்.