வளைவில் அடிக்காத ஹாரன்

வெள்ளி, இரவு.

வாய்மொழித் தேர்வில் பாஸாகிவிட்டேன். இனி கப்பலில் சீஃப் ஆபீசராகப் போகலாம். ஆனாலும் படுத்தால் தூக்கம் வரவில்லை.

தேர்வாளர் கேட்டது எளிய கேள்விதான். "குறுகலான ஆத்து வழி. முன்னால வளைவு, அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. என்ன பண்ணுவீங்க?"

நான்கிலிருந்து ஆறு வினாடிக்கு நீளமாக ஒரு ஹாரன் அடிப்பேன், எதிரிலிருந்து பதில் ஹாரன் வருகிறதா என்று கவனிப்பேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெஜமா அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சிருக்கேன் சார்."

பொய். போன பயணத்தில் அப்படியொரு வளைவில் என் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. தேவையில்லை, ஆற்றில் வழிகாட்ட ஏறிய பைலட் பார்த்துக்கொள்வார் என்று கேப்டன் சொன்னதும் எடுத்துவிட்டேன். திரும்பியதும் நேர் எதிரே ஒரு மீன்பிடிப் படகு. மோதவில்லை. ஆனால் எங்கள் அலையில் அது கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்திக் கரையேறியதைப் பார்த்தேன். அந்த இடத்தில் கப்பலை நிறுத்த முடியாது. ரேடியோவில் தகவல் சொல்லிவிட்டுப் போய்விட்டோம்.

இன்று தேர்வு முடிந்து காட்டுப்பாக்கம் வீட்டுக்கு வந்து சேர ஏழு மணியாகிவிட்டது. மூன்று மாதமாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டவள் என் மனைவி மாலதி. கேசரி கிண்டி வைத்திருந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"ஹாரன் பத்தி."

"அதானா! அத நீங்க தூக்கத்துலகூட சொல்வீங்களே."

நாளை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். படகில் மொத்தம் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பாள்.

எனக்குத் தெரியாது.