என்னைவிட மூத்த மருமகள்

மாக்கோன் அருகே, 1815 மார்ச் கடைசி

அன்பு மகள் சிதோனிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகமா என்று மட்டும் கேட்காதே. கடல் தாண்டி நியூ ஆர்லியன்ஸில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் மாதா அருளால் நன்றாக இருக்க வேண்டும். இங்கே போன வருஷம் பதவி இழந்த சக்கரவர்த்தி, அடைத்து வைத்த தீவிலிருந்து தப்பி வந்து, எங்கள் ஊர் வழியாகவே படையோடு பாரிஸுக்குப் போனார், ராஜா ஓடியே போய்விட்டாராம். போன வருஷம் சக்கரவர்த்தியின் மூன்று நிறக் கொடியை வாத்துக் கூண்டுக்குத் திரையாகக் கட்டிய உன் அப்பா இப்போது அதைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார், ராஜாவின் வெள்ளைக் கொடியை எங்கே ஒளிப்பது என்று என்னையே கேட்கிறார். உன் தம்பி லாசாரோ தொப்பியில் மூன்று நிற ரிப்பனைக் குத்திக்கொண்டு சந்தையில் திரிகிறான். எனக்கு அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே நினைவில்லை, வாசலில் குதிரைச் சத்தம் கேட்டாலே ஆள் பிடிக்க வந்துவிட்டார்களோ என்று ஓடுகிறேன்.

அவன் கல்யாணத்தைப் பற்றி உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை. உன் அண்ணன் குளோத் சக்கரவர்த்தியின் படையோடு ரஷ்யாவுக்குப் போய்த் திரும்பாத மறுவருஷமே இவனுக்குப் பட்டாளத்துச் சீட்டு எடுக்கும் முறை வந்தது. கல்யாணம் ஆனவனைக் கூப்பிட மாட்டார்கள் என்று ஊரெல்லாம் அவசர அவசரமாக மோதிரம் மாற்றினார்கள், எனக்கு வயசுப் பெண் கிடைக்கவில்லை, வாத்து மேய்க்கும் விதவை மாத்தூரினைக் கட்டிவைத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்னை வாய் நிறைய அத்தை என்பாள், ஊரே சிரித்தது. சக்கரவர்த்தி விழுந்து சமாதானம் வந்ததும் இனி இந்தக் கிழவி எதற்கு, சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். முறைக்காதே, நீயும் பிள்ளை பெற்றவள்தான்.

இப்போது பார், சக்கரவர்த்தி திரும்பி வந்த அதே வாரம் இவள் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டாள். அவள் போய்விட்டால் இவன் பிள்ளைகுட்டி இல்லாத தனியாள், முதல் ஆளாக இழுத்துப் போவார்கள் என்கிறார்கள். நல்ல கோழியாகப் பார்த்து அறுத்து சூப் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறேன். நேற்று கரண்டியைத் தள்ளிவிட்டு, "அத்தே, போன வருஷம் நீங்க எனக்கு மெழுகுவர்த்தி ஏத்துனது தெரியும். கோயில்ல எனக்கும் ஆள் இருக்கு" என்றாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வயித்துல பொறந்த ரெண்டையும் அந்தச் சக்கரவர்த்தி சண்டைக்கு வாங்கிட்டான். இவன விட மாட்டேன். மொதல்ல அவன் போகட்டும், அப்புறம் நான் போறேன்" என்றாள். சூப்பில் உப்பு பத்தவில்லை என்றும் சொன்னாள். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை நான் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை சிதோனி, அவள் மடியில் தலையை வைத்து அழுதுவிட்டேன்.

குழந்தைகளை வெயிலில் வெறுந்தலையோடு விடாதே, மாப்பிள்ளையை அரசியல் பேசிச் சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள். இது உன் கைக்கு வரும்போது பாரிஸில் எவர் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் தம்பி பெண்டாட்டிக்கு ஆயுசு கேள். எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அம்மா
பெரின்